மடங்காத விரல்

நான் சாம்பல்தீவில் மகளிர் குழுக்களோடு வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளர். சமூகவியல் படித்தவள். வயது முப்பத்தெட்டு. இந்த வயதில் கிற்றார் பழகுகிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "வீட்டில ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்பார்கள். சொன்னார்கள்தான். அதை இன்னொரு முறை எழுதலாம்.

என் இடதுகை மோதிரவிரல் மடங்காது. 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கில் ஷெல் துண்டொன்று பட்டு, நடுமூட்டு நீட்டியபடியே விறைத்துவிட்டது. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய இழப்போடு பார்த்தால் இது ஒரு காயமே அல்ல. அதனால் நானும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அரிசி களையலாம், தேங்காய் திருவலாம். ஆனால் அதுவரை நான் வயலின் படித்தவள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் மூன்றாம் தரம் சித்தியடைந்திருந்தேன். இடம்பெயர்ந்தபோது வயலினும் போயிற்று, விரலும் போயிற்று. பதினைந்து வருடம் பாட்டே வேண்டாம் என்று இருந்தேன்.

மச்சாளின் மகன் கட்டாருக்குப் போகும்போது தன் கிற்றாரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அதைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் ஒரு மாஸ்ரரிடம் போனேன். கிற்றாரில் பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் 'கோட்ஸ்' என்பார்கள். நான் சுரக்கூட்டு என்றே எழுதுகிறேன். ஆரம்பக் கூட்டுகளில் மோதிரவிரல் வளைந்து ஒரு கம்பியில் மட்டும் நுனியால் நிற்க வேண்டும். என் விரலோ பக்கத்துக் கம்பிகள் மேலும் படுத்துவிடும். ஓசை செத்துப்போகும். "இந்த விரலோட சரிவராது அக்கா" என்றார் மாஸ்ரர். கிற்றாரைப் பழைய துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் வேறொரு வாத்தியக்காரரைச் சந்தித்தேன். வயதானவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படுக்கிற விரல் எண்டால் படுக்கவிடுங்கோ பிள்ளை. கடைசிப் பாடத்தில இருந்து தொடங்குவம்" என்றார். கடைசிப் பாடம் என்று அவர் சொன்னது ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று நீளும் கூட்டுகளை.

சங்கீதம் படித்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. ச, க, ப என்ற மூன்றும் சேர்ந்தால் சாதாரணக் கூட்டு. அதன்மேல் கைசிகி நிஷாதத்தை வைத்தால் ஏழாம் கூட்டு. இதைத்தான் டொமினன்ட் என்பார்கள். அது ஓய்ந்து நிற்காது. காந்தாரம் அரைச்சுரம் ஏறப் பார்க்கும், நிஷாதம் அரைச்சுரம் இறங்கப் பார்க்கும். இன்னும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் மேல் ரி ஒன்பதாவது, ம பதினொன்றாவது, த பதின்மூன்றாவது. ச க ப நி ரி ம த! ஹரிகாம்போதியின் ஏழு சுரமும் ஒரே கூட்டில் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

ஆனால் கிற்றாரில் இருப்பது ஆறு கம்பி. ஆகவே சில சுரங்களை விட வேண்டும். முதலில் போவது பஞ்சமம், அது இல்லாவிட்டாலும் கூட்டின் குணம் மாறாது. மத்திமம் காந்தாரத்தோடு உரசும், ஆகையால் இரண்டில் ஒன்றை வைப்பார்கள். காந்தாரமும் நிஷாதமும் இருந்தால் போதும், காது மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும்.

இனி விரலுக்கு வருகிறேன். ஒன்பதாம் கூட்டுக்கு நடுவிரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் மெட்டு, சுட்டுவிரல் நாலாம் கம்பியில் இரண்டாம் மெட்டு. மிச்ச மூன்று மெல்லிய கம்பிகளின் மேலும் மூன்றாம் மெட்டில் மோதிரவிரல் நீட்டிப் படுக்க வேண்டும். மற்றவர்கள் இதற்கு மாதக்கணக்காகக் கஷ்டப்படுவார்களாம், அவர்களுடைய விரல் வளைந்துவிடுமாம். எனக்கு முதல் நாளே ஐந்து கம்பியும் பேசின. பதினொன்றாம் கூட்டு இன்னும் சுகம், அந்த ஒரு விரலையே ஐந்து கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்தால் வந்துவிடும்.

நம் ஊர்ப் பைலாவும், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றோரின் பொப் பாடல்களும் பெரும்பாலும் இரண்டு மூன்று எளிய கூட்டுகளோடு ஓடுபவை. எல்லோரும் வாசிக்கும் அவற்றை நான் இன்னும் ஒழுங்காக வாசிக்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் ஜிமி ஹென்றிக்ஸ் 1967இல் 'பேர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் வாசித்த கூட்டை விளங்கிக்கொள்கிறேன். ஒன்பதாவது சுரத்தை அரைச்சுரம் உயர்த்தி, அந்தர காந்தாரத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டிருக்கிறார். ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் என்றால் நாட்டை ராகம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவதை அவர் ஒரேயடியாக அடித்தார்.

போன மாதம் குழுக்கூட்டம் முடிந்து சேமிப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, கிற்றாரை எடுக்கச் சொன்னார்கள். பாட்டு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்பதாம் கூட்டை மட்டும் மெதுவாக வருடினேன். சுனாமியில் இரண்டு பிள்ளைகளை இழந்த அக்கா ஒருவர் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. அவர் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இது முடியேல்லை பிள்ளை, இன்னும் என்னவோ இருக்கு" என்றார்.

"இருக்கு அக்கா" என்று அதே பிடியை ஐந்து மெட்டு மேலே தள்ளி வாசித்தேன். அதுவும் ஒன்பதாம் கூட்டுத்தான்.

"இதுவும் முடியேல்லை" என்றார்.

அடுத்த கூட்டத்துக்குப் பதின்மூன்றாம் கூட்டைப் பழகிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். சின்னவிரல் ஐந்தாம் மெட்டை எட்ட வேண்டும். இன்னும் எட்டவில்லை.