முள் தானாக ஏறும் நேரம்

"எல்லாத்தையும் மூடின பொறவும் முள்ளு தானா ஏறுது மேடம்" என்று மெஸ் அக்கா என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் தலையாட்டினேன். மாதக் கடைசியில் பராமரிப்புப் பதிவேடு வரும். 'நீராவிக் குழாய்கள், வால்வுகள் நல்ல நிலையில் உள்ளன' என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போடுவேன். நான் அந்த மகளிர் விடுதியின் துணைக் காப்பாளர். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். வால்வு எந்தச் சுவரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

400 பெண்கள் சாப்பிடும் விடுதி. சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய பாய்லரிலிருந்து 7 கிலோ அழுத்தத்தில் நீராவி வருகிறது. (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. அங்கே எல்லோரும் வெறும் 'கிலோ' என்றுதான் சொல்கிறார்கள்.) இட்லி ஸ்டீமருக்கும், இரட்டைச் சுவர் வைத்த சாத அண்டா, சாம்பார் அண்டாவுக்கும் 1 கிலோ போதும். 7-ஐ 1 ஆக்கித் தருவது பிஆர்வி என்கிற அழுத்தக் குறைப்பு வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், டயாஃப்ரம் என்ற மெல்லிய தகடும். அண்டாப் பக்கம் அழுத்தம் கூடினால் தகடு நகர்ந்து வாய் மூடும். குறைந்தால் ஸ்பிரிங் திறந்துவிடும். மூடும் இடத்தில் மணல் அளவு துரு உட்கார்ந்தாலும் வாய் முழுதாக மூடாது. அண்டாக்கள் ஆவியைக் குடித்துக்கொண்டிருக்கும்வரை இது வெளியே தெரியாது. இட்லியை இறக்கிவிட்டு அரிசி கழுவும் அந்தக் கால் மணி நேரம், எல்லாம் மூடியிருக்கும்போதுதான், கசிந்த ஆவி போக இடமில்லாமல் சேரும். முள் ஏறும்.

பழுது பார்க்க வருகிறவர் முதலில் செய்யும் சோதனையே இதுதான்: அண்டாப் பக்கம் மூடிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அக்கா அதைத் தினமும் காலை ஏழரைக்குச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் பாதுகாப்பு வால்வு திறந்தது. பிஆர்விக்கு அடுத்து, அண்டாக்களுக்குப் போகும் குழாயில் இருப்பது அது. அழுத்தம் எல்லை மீறினால் ஆவியை வெளியே விடும். தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதன் வாயிலிருந்து கூரைக்கு மேலே போக வேண்டிய குழாயைத்தான் யாரும் பொருத்தியிருக்கவில்லை. அக்காவின் இடது முன்கை அதற்கு எதிரே இருந்தது.

இந்தப் பாதுகாப்பு வால்வின் கதை சமையல் பாத்திரத்தில்தான் தொடங்குகிறது என்று பிறகு படித்தேன். 1679-இல் டெனிஸ் பாப்பின் எலும்பை வேகவைத்து மெதுவாக்க ஓர் இறுக்கமான பாத்திரத்தைக் காட்டினார். வெடிக்காமல் இருக்க அதற்கொரு வால்வும் வைத்தார். நீராவி எஞ்சின்கள் ஓடியதெல்லாம் அதற்கப்புறம். அடுக்களையிலிருந்து கிளம்பி ரயில் தண்டவாளம் வரை போன பொருள், திரும்பி அடுக்களைக்கு வரும்போது சமையல்காரி தொடக்கூடாத 'டெக்னிக்கல்' சமாச்சாரம் ஆகிவிட்டது.

விபத்துக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. "நீங்கதான் தமிழ் நல்லா எழுதுவீங்க." எழுதினேன்: 'பணியாளரின் கவனக்குறைவால் ஏற்பட்டது.' வாக்கியம் சொல்லிக்கொடுத்தது, கை என்னுடையது. யாருடைய கவனம் குறைந்திருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பேனா நின்றிருக்கும்.

கட்டுப் போட்ட கையோடு வந்து அக்கா அதை வாங்கிப் படித்தார். எட்டாவது வரை படித்தவர். எழுத்து எழுத்தாக, நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் எழுதிருக்கீங்க மேடம். நான் மூணு தடவ உங்ககிட்ட சொன்னது மட்டும் இல்ல."

அன்றிரவு இரண்டாவது தாள் எழுதினேன். எனக்குச் சொல்லப்பட்டது, நான் காதில் வாங்கவில்லை, பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று. அது எனக்கு ஒரு மெமோவையும் சமையல்கூடத்துக்கு ஒரு மெக்கானிக்கையும் கொண்டுவந்தது.

மெக்கானிக் தம்பி பாய்லரிலிருந்து வரும் வழியை அடைத்து, குழாய் ஆறும்வரை காத்திருந்தார். நானும் அக்காவும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் பிஆர்விக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினார். அது ஒரு சல்லடை. உள்ளே காப்பித்தூள் மாதிரி துரு, உப்புத் தண்ணீரின் வெள்ளைச் செதில், குழாய் மரையில் சுற்றும் சணல் நார். சல்லடையே ஒரு மூலையில் கிழிந்திருந்தது. வால்வைப் பிரித்தால், வாய் உட்காரும் சீட்டில் மயிரிழை போல ஒரு கோடு. ஈர ஆவி அந்த இடுக்கில் பாய்ந்து பாய்ந்து உலோகத்தையே அறுத்திருக்கிறது. சீட்டையும் டிஸ்க்கையும் மாற்றினார்; டயாஃப்ரம் தப்பித்தது. கீழ்நோக்கி இருந்த ஸ்ட்ரெய்னரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார், தண்ணீர் தேங்காமலிருக்க. பிறகு ஆவியை மெல்லத் திறந்து, திருகைக் கால் சுற்று திருப்பி, முள் நிற்கும்வரை பொறுத்து, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டுத் திறந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் சுத்தியல் மாதிரி அடிக்குமாம். பாதுகாப்பு வால்வின் குழாயும் அன்றுதான் கூரைக்கு மேலே போனது.

"புது வால்வுலயும் முள்ளு கொஞ்சம் ஏறும், ஏறின எடத்துல நின்னுடணும். நிக்காம ஏறினா கூப்பிடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி" என்றேன்.

அழுத்தம், வால்வு என்று கேட்டதும் பெண், வீடு, பொறுமை என்று எனக்கு உவமை ஓடிவந்துவிடும். பாதிக் கவிதை எழுதியும் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். பெண்ணை வால்வாக்கிப் பாட நிறையப் பேர் இருக்கிறோம். சல்லடையைக் கழுவச் சொல்லத்தான் ஆளில்லை.

இப்போது பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: காலை 7.30, எல்லாம் மூடியபின், முள். அக்காதான் எழுதுகிறார். சம்பளப் பட்டியலில் இன்னும் 'உதவியாளர்'தான். முதல் தாளைக் கோப்பிலிருந்து எடுக்க முடியாதாம். இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. நேற்று 1.1. இன்று 1.3 என்று எழுதி, பக்கத்தில் 'சல்லடை?' என்று போட்டிருக்கிறார். மதியத்துக்குள் மெக்கானிக்குக்குப் போன் செய்ய வேண்டும்.