விரியும் வரைபடம்

1996-இல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1999-இல் ஏபிள்டன் ஆகிய இசை மென்பொருள் நிறுவனங்கள் தோன்றிய பெர்லின் மாநகரில், பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலை வேளைகளில் ஊதியம் எதிர்பாராமல் இலவச இசை மென்பொருள் ஒன்றுக்காக உழைக்கும் நிரலாளர் ஒருவரின் இல்லத்தில், அவர் செய்துகொண்டிருந்த மிகச் சிறிய வேலை ஒன்றைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. திரையின் மூலையில் இருக்கும் என்வலப் வரைபடத்தை, விண்டோ விரியும்போது தானும் விரியும்படி செய்வதே அந்த வேலை.

பியானோவின் கட்டையை அழுத்தினால் நாதம் சட்டென்று எழுந்து மெல்லத் தேய்கிறது. ஆர்கனிலோ விரலை எடுக்கும்வரை குன்றாமல் நிற்கிறது. ஒரு ஸ்வரம் பிறந்து அடங்கும் இந்தப் போக்குக்கே என்வலப் என்று பெயர். அதை மின்சார யந்திரத்திலும் ஆள விரும்பிய இசையமைப்பாளர் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி, 1965-இல் சிந்தஸைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மூகிடம் அதற்குரிய லக்ஷணங்களை வகுத்துக் கொடுத்தார். அட்டாக் (எழுச்சி), டிகே (தேய்வு), சஸ்டெய்ன் (நிலைப்பு), ரிலீஸ் (விடுப்பு) என்று இன்று சிந்தஸைசர்களில் வழங்கும் நான்கு அங்கங்களும் அந்த வரையறையிலிருந்து வந்தவையே. எல்.எம்.எம்.எஸ். முதலிய மென்பொருள்களில் டிலே (தாமதம்), ஹோல்ட் (நிறுத்தம்) என்னும் இரண்டும் சேர்ந்து ஆறாகின்றன.

நான் கண்ட பழைய வரைபடம் 160 பிக்ஸல் அகலமுள்ள ஒரு பின்புலப் படத்தின்மேல் தீட்டப்பட்டது. நிரலெங்கும் அந்த அளவே எண்களாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இக்காலத்து நெருக்கமான திரைகளில் அது தபால்தலையைப்போல் சுருங்கிவிடுகிறது. அழகுக்குறைவு மட்டுமா? இரண்டு விநாடி நீளும் ஸ்வரத்தை 160 பிக்ஸலில் அடைத்தால் ஒரு பிக்ஸலுக்குப் பன்னிரண்டரை மில்லி விநாடி ஆகிறது. 10 மில்லி விநாடி அட்டாக் ஒரு பிக்ஸலைக்கூட நிரப்பாது. காதுக்குத் தெளிவாகக் கேட்கும் பேதம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. 800 பிக்ஸலாக விரித்தாலோ அதே அட்டாக் நான்கு பிக்ஸல் சரிவாகக் காட்சி தருகிறது.

பின்புலப் படத்தை நீக்கி, விண்டோக்களை வரைய உதவும் க்யூட் (Qt) நிரல் நூலகம் ஒவ்வொரு முறையும் தெரிவிக்கும் அகல உயரங்களிலிருந்தே எல்லாவற்றையும் கணக்கிட்டு வரையுமாறு நிரலை மாற்றியவர், எது விரியலாம், எது விரியலாகாது என்பதில் காட்டிய சிரத்தையே என்னை மிகவும் கவர்ந்தது. காலத்தின் அச்சும் ஒலி மட்டத்தின் அச்சும் விரியலாம். கோட்டின் தடிப்பும், மௌஸால் பிடித்து இழுக்கும் புள்ளிகளும் விரியலாகா. அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாதபடி, இதற்குமேல் சுருங்காதே என்று ஓர் எல்லையும் விதிக்க வேண்டும்.

மிகக் கடினமாயிருந்தது சஸ்டெய்ன். மற்ற அங்கங்களுக்குக் காலம் உண்டு. சஸ்டெய்னுக்கு மட்டம் மட்டுமே உண்டு, அதன் நீளம் வாசிப்பவரின் விரலில் இருக்கிறது. ஆகவே படத்தில் அதற்குக் கொடுக்கும் அகலம் வெறும் சம்பிரதாயம். அதையும் மற்றவற்றோடு விகிதப்படி விரித்தால் கிடைத்த இடத்தில் ஒரு பகுதி ஒன்றும் சொல்லாத நேர்கோட்டுக்குப் போய்விடும் என்று கூறி, அவர் அதைக் குறுகிய நிலையான அகலத்தில் நிறுத்தி, மிச்ச இடத்தைக் காலமுள்ள அங்கங்களுக்கே பகிர்ந்தார். அது மிக நியாயமான முடிவென்றே எனக்குப் பட்டது.

அடுத்து எல்.எஃப்.ஓ., அதாவது ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கும் அலையின் வரைபடம். அங்கே அலை திரும்பத் திரும்ப வருவதால், அகலம் கூடும்போது அலைகளின் எண்ணிக்கை பெருக வேண்டுமா, அல்லது அதே அலைகள் நீள வேண்டுமா என்று அவருக்கும், இசையமைக்கும் அவருடைய தோழி ஒருவருக்கும் விவாதம் எழுந்தது. எண்ணிக்கை பெருகினால், விண்டோவின் அளவை மாற்றியவர் வேகத்தையே மாற்றிவிட்டதாக மயங்குவார் என்பது அந்த அம்மையாரின் வாதம். நான் அவர் பக்கமே நின்றேன். நிரலாளரோ இன்னும் இணங்கவில்லை.