ஆயா சொல்லும் செபம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

‘பிரியதத்தம்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? நம் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் சொல்லிவிடுவார்கள். ‘அர்ச்சியசிஷ்ட’ என்று அடுத்த சொல்லைப் போட்டால் அவர்களும் சற்று யோசிப்பார்கள். ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றால் நிச்சயம் அகராதியைத் தேடுவார்கள். அகராதியிலும் அகப்படுவது சந்தேகமே. ஆனால் பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத என் ஆயா இந்தச் சொற்களை அன்றாடம் சொல்லுகிறார். முதலிரண்டு சொற்களும் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை வரும். ஒரு செபமாலைக்கு 53 மணி. அவருக்கு வயது 78. கணக்குத்துறை நண்பர்கள் பெருக்கிப் பார்த்துக் கொள்ளட்டும்.

“அர்த்தம் தெரியாமல் சொல்வதற்குப் பெயர் செபமா, கிளிப்பிள்ளைப் பேச்சா?” என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு நாள் கேட்டான். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. கோயிலில் சமஸ்கிருத மந்திரம் கேட்டுப் பழகியவன் அவன். 2021இல் ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ வந்தபோது மகிழ்ந்தவன். அவனுடைய கேள்வி எல்லாச் சமயத்தாரையும் பார்த்துக் கேட்ட கேள்வி. அதற்கு உடனே ஒரு பதில் சொல்லி நான் தப்பித்துக் கொண்டிருக்கலாம். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நாவலைப் படிக்க வேண்டிய நேரத்தில் பழைய செபங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தச் செபங்களின் கதை சுவையானது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தவர்களைக் கொண்டு செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை நேர்ந்துவிட்டது. ‘விசுவசிக்கிறேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்று இருந்தது! 1544இல் தம் உடன் ஊழியருக்கு எழுதிய கடிதத்தில், அதை ‘விசுவாசம்’ என்று மாற்றச் சொல்லுகிறார் சவேரியார். அதுவரை அந்தக் கடற்கரை மக்கள் ‘எனக்கு வேண்டும்’ என்றுதான் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறார்கள். கடவுள் அதைத் தவறாக எடுத்துக் கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அண்டிரிக் அடிகளார் வந்தார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது. அதுவும் செபங்களும் மறைபோதனையும் அடங்கிய நூல்தான். அதில் கடவுளுக்குப் பெயர் தம்பிரான். அடுத்த நூற்றாண்டில் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலியின் காலத்தில் தம்பிரான் போய்ச் சர்வேசுரன் வந்தார். அந்த நோபிலி எங்கோ மதுரையில் மட்டும் இருந்தவர் என்று நினைக்க வேண்டாம். 1623இல் நமக்குப் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் வந்தவர் அவர்.

ஆகவே ஒரு பழைய செபத்தை எடுத்துக் கொண்டால், அது நிலத்தை வெட்டினால் தெரியும் மண்ணடுக்குப் போல இருக்கிறது. ‘ஆமென்’ எபிரேயம். ‘சிலுவை’ சிரியாக் மொழியிலிருந்து வந்தது. ‘பிரியதத்தம்’ வடமொழி. ‘இஸ்பிரீத்து சாந்து’ அச்சு அசல் போர்ச்சுகீசியம். தூய ஆவி என்று பொருள். என் ஆயா இரவில் விளக்கணைக்கும் முன் தம்மையறியாமல் போர்ச்சுகீசியம் பேசுகிறார்! இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. நம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்கெல்லாம் மூலப்பொருளான குச்சிக்கிழங்கும் தென் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்ததுதான். அதை யாரும் அந்நியக் கிழங்கு என்று ஒதுக்குவதில்லை.

கிழங்கு என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் அதை ‘மேனிஹாட் எஸ்குலென்டா’ என்று மனப்பாடம் செய்கிறோம். எஸ்குலென்டா என்றால் உண்ணத்தக்கது. எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இலத்தீனைப் பொருள் தெரியாமல் ஒப்பிப்பதில் நாங்கள் எந்தப் பாட்டிக்கும் இளைத்தவர்கள் அல்லர். மதிப்பெண்ணும் வாங்கி விடுகிறோம்.

அந்த இலத்தீனில்தான் ஆயாவின் சிறு வயதில் பூசை நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் சொல்ல, மக்கள் பாட்டுக்குக் கீழே செபமாலை உருட்டிக் கொண்டிருப்பார்களாம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்குக் கதவைத் திறந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பீடத்தில் தமிழ் ஏறியது. பூசை திருப்பலியாயிற்று, பரமண்டலம் விண்ணுலகமாயிற்று, பிதா தந்தையானார், பிரியதத்தம் அருள் ஆயிற்று. பழைமை போயிற்றே என்று ஆயா வருந்தியிருப்பார் என எண்ணிக் கேட்டேன். “சாமியாரு நம்ம பாசையில பேசுனப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு சாமி. அதுக்கு முன்னால அவரு என்ன சொல்றாருன்னு எவங் கண்டான்?” என்றார். பழைய செபங்களுக்காக வழக்காடுகிறவர்கள் இதையும் மறக்கக் கூடாது.

நண்பனின் கேள்வியை ஆயாவிடமே கேட்பதென்று முடிவு செய்தேன்.

“பிரியதத்தம்னா என்ன ஆயா?”

“பிரியமாக் குடுத்தது. வேறென்ன?”

நான் அசந்து போனேன். வடமொழியில் ‘பிரிய’ என்றால் அன்பு, ‘தத்தம்’ என்றால் கொடுக்கப்பட்டது. ‘அருள்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

“இஸ்பிரீத்து சாந்து?”

“அது சாமி பேரு. பேருக்குப் போயி யாராச்சும் அர்த்தம் கேப்பாங்களா? உம் பேருக்கு என்ன அர்த்தம்?”

என் பெயருக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றினேன்.

கிறிஸ்து கற்பித்த செபத்துக்கு வந்தோம். அதில் ‘அப்பம்’ என்றிருந்தது இப்போது ‘உணவு’ என்றிருக்கிறது. கேழ்வரகுக் களியும் சோறும் தின்பவர்களுக்கு உணவுதான் பொருத்தம். ஆயாவும் ஒத்துக் கொண்டார். ஆனால் இன்னொரு சொல்லில் அவர் அசையவில்லை. பிறர் நமக்குச் செய்த தீமையை நாம் ‘பொறுப்பது’ போல என்பது பழைய வழக்கு. ‘மன்னிப்பது’ போல என்பது புதியது. இரண்டும் ஒன்றுதானே என்றேன்.

“அதெப்படி ஒண்ணாகும்? மன்னிக்கறதுக்கு நான் என்ன மகாராணியா? என்னால பொறுத்துக்கத்தான் முடியும்.”

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆயா இருபது வருடத்துக்கு மேல் ஒரு கிழங்கு ஆலையில் தோல் உரித்தவர். ஆறு நாள் வேலை செய்த வாரத்தில் ஐந்து நாள் என்று எழுதினார் மேஸ்திரி. ஒரு வாரம் அல்ல, பல வாரங்கள். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரல் வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, பொறுப்பது போல என்று சொன்னார். அந்தச் சொல்லின் பொருள் அவருக்கு அகராதியால் தெரிந்ததன்று. கைவிரல் காப்பினால் தெரிந்தது. வள்ளுவரும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பாரத்தைச் சுமப்பதும் பொறுத்தல், பிழையைத் தாங்குவதும் பொறுத்தல். தமிழில் இரண்டும் ஒரே சொல்.

இங்கேதான் நான் ஆயாவிடமிருந்து விலகுகிறேன். என் அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி லாரியில் கிளீனராகப் போனார். குறைத்து எழுதப்பட்ட அந்த நாட்களின் கூலி இருந்திருந்தால் அவர் ஒன்பதாவது படித்திருப்பார் என்று கணக்குப் போட்டு நிறுவ முடியாது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய எனக்கு, பொறுத்தல் என்ற சொல்லைச் சொல்லும் போதெல்லாம் அந்த மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் கண்முன் வருகிறது. மன்னிக்க வேண்டுமானால், முதலில் ‘இது குற்றம்’ என்று சொல்ல வேண்டும். ஐந்தை அடித்து ஆறு என்று எழுத வேண்டும். அதன் பிறகு மன்னிக்கலாம். அதனால் நான் புதிய சொல்லைத்தான் சொல்லுகிறேன். ஞாயிறு திருப்பலியில் ஆயாவும் நானும் அருகருகே நிற்கும் போது, ஊரோடு சேர்ந்து நான் மன்னிப்பேன். பக்கத்தில் மெல்லிய குரலில் அவர் பொறுத்துக் கொண்டிருப்பார்.

எங்கள் பங்கில் இப்போது அன்பியக் கூட்டங்களுக்காக ஒரு செபப் புத்தகம் அச்சிடப் போகிறார்கள். இளைஞர்களில் பலர் பழைய செபங்கள் வேண்டாம், பக்கம் வீண் என்றார்கள். நான் எழுந்து, சாவு வீடுகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். இரவு முழுதும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து செபம் சொல்லுகிறவர்கள் இந்தப் பாட்டிமார்தாம். நாம் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருப்போம். அவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. அவர்கள் காலத்துக்குப் பின் அந்தச் சொற்களுக்கு ஆளில்லை. ஒரு வழியாகப் பின்பக்கங்களில் பழைய செபங்களையும் போடலாம், கடினச் சொற்களுக்குப் பொருளும் தரலாம் என்று முடிவாயிற்று. படித்தவன் என்பதால் பொருள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

பிரியதத்தத்துக்கு ஆயா சொன்னதையே எழுதிவிட்டேன். இஸ்பிரீத்து சாந்துவுக்கும் அர்ச்சியசிஷ்டவுக்கும் எழுதியாயிற்று. பொறுத்தருளும் என்பதற்கு ‘மன்னித்தருளும்’ என்று எழுதினால் போதும் என்கிறார் உபதேசியார். அந்த ஒரு சொல்லுக்கு நேரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.