எதிர் வீட்டுக் கிதார்

கும்மிடிப்பூண்டியில் வசிக்கிறேன் என்று சொன்னால், சென்னைச் சிநேகிதிகள் என்னைச் சற்று அநுதாபத்துடன் பார்ப்பது வழக்கம். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள், வரிசை வரிசையாய் லாரிகள், நடுநிசியில் தடதடவென்று ஓடும் சரக்கு ரயில்கள்! "இத்தனை சத்தத்துக்கு நடுவில் எப்படியடி தூங்குகிறாய்?" என்று கேட்பார்கள். "அதெல்லாம் தாலாட்டு மாதிரி பழகிவிட்டது" என்று சொல்லிச் சிரிப்பேன். அது உண்மைதான். ஆனால் சில மாதங்களுக்கு முன் எதிர் வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு சத்தத்துக்கு மட்டும் என் காது பழக மறுத்துவிட்டது. அது ஒரு மின்சாரக் கிதார்.

எதிர் வீட்டுப் பையனுக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் படித்துவிட்டு, இங்கே ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக இருக்கிறான். மூன்று ஷிப்டு வேலை. தகப்பனார் இல்லை, தாயார் தையல் மிஷினை மிதித்து ஆளாக்கிய பிள்ளை. முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவையும் தனக்கு ஒரு கிதாரும் வாங்கினான். புடவையைப் பற்றி அந்த அம்மாள் தெரு முழுவதும் சொல்லிப் பூரித்துப் போனாள். கிதாரைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தெரு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

மேல்நாட்டில் கிதாரை மின்னல் வேகத்தில் வாசிக்கும் சூரர்களின் பரம்பரை ஒன்று உண்டு. அந்த வாசிப்புக்கு 'ஷ்ரெட்' என்று பெயர். நறுக்கித் தள்ளுவது என்று பொருள். நாம் முட்டைக்கோஸ் நறுக்குவதைப் போல அவர்கள் ஸ்வரங்களை நறுக்கித் தள்ளுகிறார்கள். நம் பையனுக்கும் அந்த வேகத்தின் மேல்தான் மோகம். செல்போனில் 'டிக் டிக்' என்று தாளத்தை வைத்துக்கொண்டு, இன்றைக்கு நிமிஷத்துக்கு நூற்று நாற்பது, நாளைக்கு நூற்றைம்பது என்று ஏணி ஏறிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா தூங்குறதில்லைம்மா. கிதாரைத் தூக்கி வச்சுக்கிறான். போன வாரம் வேலையில கண் அசந்துட்டானாம். மிஷினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு! மேஸ்திரி எச்சரிக்கை பண்ணி அனுப்பியிருக்கார். இன்னும் ரெண்டு மாசத்துல வேலையை நிரந்தரம் பண்ற சமயம். நீ பத்திரிகையில எழுதுறவ, நீ சொன்னா கேட்பான். அந்தச் சனியனை வித்துடச் சொல்லும்மா."

மிஷினுக்குப் பக்கத்தில் கண் அசந்தான் என்றதும் எனக்குத் 'திக்'கென்றது. பையனைக் கூப்பிட்டு அனுப்பினேன். நீண்ட பிரசங்கம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு அவன் இடமே கொடுக்கவில்லை.

"வித்துடலாங்க்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு வரப்போறதில்லை. இந்த வேகமெல்லாம் பத்து வயசுல ஆரம்பிச்சவங்களுக்குத்தான்."

நான் கேட்க விரும்பிய பதில்தான் அது. ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை. நான் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறையிலிருந்து என் அம்மா, கையில் கரண்டியுடன் பிரவேசித்தாள்.

"தம்பி, வேகத்தைப் பற்றியா பேசுகிறாய்? மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டிருக்கிறாயா?"

அவன் கேட்டதில்லை. பெயர் மட்டும் எங்கோ காதில் விழுந்திருக்கிறதாம்.

நேயர்களே! உங்களில் பலர் அவரை நேரிலேயே கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பையனுக்கு அன்று நாங்கள் சொன்னதையே இங்கே சொல்கிறேன்.

ஸ்ரீநிவாஸ் 1969-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி ஆந்திர தேசத்தில் பாலக்கொல்லு என்ற ஊரில் பிறந்தவர். அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் வருகிறவர்கள் கூடூரைத் தாண்டி எங்கள் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகையால் அவர் எங்கள் ஊரைக் கடந்து போனவர் என்று அம்மாவுக்கு ஒரு தனிப் பெருமை! தகப்பனார் சத்யநாராயணா வைத்திருந்த மாண்டலினை ஆறு வயதில் கையில் எடுத்தார். 1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. அப்போது வயது ஒன்பது. 1981-ல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை ஏறினார். 1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது வயது பதினான்குதான்.

"பார்த்தீங்களா? ஆறு வயசு!" என்றான் பையன், தன் கட்சி ஜெயித்துவிட்டது போல.

"இரு, அவசரப்படாதே" என்றாள் அம்மா. அவளுக்குக் கல்யாணமான புதிதில், அப்பா அவளை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனாராம். மேடையில் ஒரு பிள்ளை; முகத்தில் புன்சிரிப்பு; மடியில் விளையாட்டுச் சாமான் போல ஒரு சின்ன வாத்தியம். சினிமாப் பாட்டுகளில் கிணுகிணுக்கிற மாண்டலின் கச்சேரி மேடையில் என்ன செய்யப் போகிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். தோடி ஆலாபனை ஆரம்பமானதும் அவருடைய முணுமுணுப்பு நின்றுவிட்டதாம்.

செல்போனில் ஸ்ரீநிவாஸ் கச்சேரி ஒன்றைத் தேடி எடுத்து, முதலில் கல்பனாஸ்வரத்தை வைத்தேன். ஸ்வரங்கள் அருவி போல் கொட்டின. ஒன்றோடொன்று ஒட்டாமல், மணி மணியாக, சுருதி பிசகாமல்! பையன் வாயைப் பிளந்துவிட்டான். "அக்கா, இது நான் கேக்கிற ஆளுங்களைவிட…" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே விட்டான்.

"இப்போது ஆரம்பத்தை வை" என்றாள் அம்மா.

தோடி ஆலாபனை. ஒரே ஒரு மீட்டு. அந்த நாதம் எழுந்து, அசைந்து, இறங்கி, மறுபடி ஏறி, ஒரு மனிதர் மூச்சுப் பிடித்துப் பாடுவது போல நின்றது. வேகமே இல்லை. பையன் முகம் மாறியது. "அந்த இடத்தை இன்னொரு தடவை வைங்கக்கா" என்றான். மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் அவன் வேகமான பகுதிக்குப் போகச் சொல்லவில்லை.

"இது எப்படி? இதுல மெட்டு இருக்கே!" என்றான்.

கேள்வி நியாயமானது. மாண்டலின் வேகத்துக்கென்றே பிறந்த வாத்தியம். தந்தி குட்டை, மெட்டுகள் நெருக்கம், கையில் ஒரு சில்லு. விரலைச் சற்று ஓட்டினாலே ஸ்வரங்கள் பொரிந்து தள்ளும். அதனால் முடியாத காரியம் நின்று பாடுவதுதான். ஒரு மீட்டு மீட்டினால் நாதம் உடனே அடங்கிப்போகும். அதனால்தான் மேல்நாட்டார் ஒரே ஸ்வரத்தை நிறுத்திக்காட்டக் கை நடுங்குகிறாற்போல் விடாமல் மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு அசையுமா? சுருதி கெட்டுப்போகும். கமகம் இல்லாமல் தோடி ஏது? அதைக் கமகம் இல்லாமல் வாசிப்பது உப்பில்லாத ரசம் வைப்பது போலத்தான்.

ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக்கினார். மொத்தம் ஐந்து தந்திகள். வாத்தியத்தை மின்சார மாண்டலினாக்கினார். அதனால் ஒரு மீட்டின் நாதம் சற்று நேரம் உயிரோடு நின்றது. அந்தச் சற்று நேரத்துக்குள் விரலைச் சறுக்கியும் தந்தியை இழுத்தும் ராகத்தைப் பாட வைத்தார். ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது வேகம். அவர் பாடுபட்டது அந்த நிதானத்துக்காக.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவருடைய குருநாதர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கவே தெரியாது! குரு பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு வாத்தியத்தில் கொண்டுவர வேண்டும். இந்த ஸ்வரத்துக்கு இந்த விரல் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஆகையால் அவர் கையில் பிடித்தது மாண்டலின்; கற்றுக்கொண்டது பாட்டு.

"உனக்குப் பத்து வயது திரும்பி வராது, தம்பி" என்றேன். "ஆனால் பாட்டுக் கற்க இருபத்திரண்டு வயது ஒன்றும் அதிகமில்லை. உன் கிதாரில் தந்தி நீளம். நாதம் தானாகவே நிற்கும். அவர் பாடுபட்டுச் சம்பாதித்தது உனக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது."

பிறகு, ஜான் மெக்லாஃப்லின் தம் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் ஸ்ரீநிவாஸைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு உலகமெங்கும் வாசித்த கதையைச் சொன்னேன். "மெக்லாஃப்லினா!" என்று பையன் எழுந்தே நின்றுவிட்டான். அவனுடைய தெய்வங்களுக்கே மூத்த தெய்வமாம் அவர்! ஜாகிர் உசேன், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் எல்லாரும் இருந்த அந்த மேடையில், அந்தச் சின்ன வாத்தியம் யாருக்கும் இளைத்துப்போகவில்லை.

இதுவரை பேசாதிருந்த பையனின் தாயார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது நம்ம சங்கீதம்மா. இவன் வச்சிருக்கிறது வெள்ளைக்காரன் சாமான்தானே?"

அதற்குப் பதில் சொல்ல நான் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் மின்சார ரயில் தினமும் போகிற பாதைக்கு அருகில்தான் மணலி இருக்கிறது. இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இரு நூறு வருஷங்களுக்கு முன் மணலி முதலியார் குடும்பம்தான் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி, வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்று நம் சங்கீதத்தில் புகுத்தினார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா? மாண்டலின் அந்த வழியில் வந்தது. கிதாரும் வந்தாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா என்பவர் மின்சாரக் கிதாரில் கர்நாடக சங்கீதக் கச்சேரியே செய்கிறார்.

"ஐ.ஐ.டி.யா?" என்றாள் அந்த அம்மாள். தோடி செய்யாததை அந்த மூன்றெழுத்துச் செய்துவிட்டது!

கடைசியில், "இப்ப எங்கே வாசிக்கிறாரு?" என்று பையன் கேட்டான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். 2014-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி, சென்னை ஆஸ்பத்திரியில், கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் அவர் காலமானார். வயது நாற்பத்தைந்து. பத்மஸ்ரீ விருது 1998-லேயே வந்துவிட்டது. வயது முதிர்ந்த வித்வானாக மேடையில் உட்காரும் பாக்கியம்தான் வரவில்லை. அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி, பழைய கேஸட் ஒன்றை எடுத்துத் துடைத்துவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்தாள். அதைப் போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் அப்போது கருவி இல்லை. தம்பி ராஜேஷ் இன்றும் மாண்டலின் வாசித்து வருகிறார். ஆனால் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 2023-ல் வெளியிட்ட இசைத்தட்டில், ஸ்ரீநிவாஸ் உட்கார்ந்த இடத்தில் வேறொரு மாண்டலின் உட்காரவில்லை.

அன்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நைட் ஷிப்டு முடிந்து வந்தால் படுக்கைதான். கிதாரைத் தொடக் கூடாது. சாயந்திரத்தில் மட்டும் ஒரு மணி நேரம், சத்தத்தைக் குறைத்து வாசிக்கலாம். இதைத் தவறினால் கிதார் விற்பனைக்குப் போகும். பையன் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். ஞாயிறுதோறும் பொன்னேரிக்குப் போய் ஓர் ஆசிரியையிடம் வாய்ப்பாட்டுக் கற்கிறான். வரிசைகளைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பாடுகிறானாம். "எல்லாத்துக்கும் எட்டு வயசுக்கா. என்னை 'மாமா'ங்குதுங்க" என்று வெட்கத்துடன் சொன்னான்.

வேலை நிரந்தரமாயிற்றா என்று கேட்கிறீர்களா? இன்னும் ஆகவில்லை. பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். தாயார் கவலைப்படத்தான் செய்கிறாள்; நானும்தான். கிதாரை விற்றிருந்தால் ஆகியிருக்குமோ என்று சில சமயம் எனக்கு உறுத்துகிறது. ஆனால் அவன் கண் அசருவது நின்றுவிட்டது. "எனக்கு வரப்போறதில்லை" என்று அவன் சொல்வதும் நின்றுவிட்டது. ஒரு தாயாருக்கு இரண்டுமே வேண்டும் அல்லவா?

என் காதின் கதி என்ன என்றால், அதில் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. முன்பு நிமிஷத்துக்கு நூற்றைம்பது. இப்போது அரை மணி நேரம் ஒரே காந்தாரம்! தந்தியை இழுக்கிறான், விடுகிறான், தலையை ஆட்டுகிறான், மறுபடி இழுக்கிறான். அந்த வேகமே தேவலை என்று நான் சொல்லப்போக, அம்மா என்னை முறைத்துப் பார்த்தாள்.

நேற்றுச் சாயந்திரம் அந்தக் காந்தாரம் ஒரே ஒரு தடவை சரியாக விழுந்தது. எனக்குச் சங்கீத ஞானம் குறைவு, எனக்கே தெரிந்தது. எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினும் சட்டென்று நின்றது. சற்று நேரம் பொறுத்து, மறுபடி ஓடத் தொடங்கியது.