அம்மா சொன்ன பத்து அருள்நிறை

எங்க வீட்டில் ராத்திரி கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னால் ஐம்பத்து மூணுமணி செபம் சொல்லியாகணும். செபம் முடிஞ்சு நாங்க எழுந்தாலும் அம்மா எழுந்திருக்க மாட்டாள். தனியாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுவாள். அது எனக்காக. நான் சாமியாராகணும் என்பதற்காக.

பக்தியில் மட்டும் கேட்டாள் என்று சொன்னால் பொய். கோயில் ஊர்த்தெருவில் இருந்தது. சேரிக்காரர்களுக்கு இடதுகைப் பக்கம் இடம். ஊர்க்காரர்கள் நன்மை வாங்கிட்டு வந்த பிறகுதான் நாங்க எழுந்து போகணும். பூசைக்கு உதவி செய்யறது, மணியடிக்கிறது எல்லாம் ஊர்ப் பையன்கள். ஒருநாள் நான் மணிக்கயிறைத் தொட்டுட்டேன். உபதேசியார் காதைப் பிடிச்சுத் திருகி வெளியே தள்ளினார். அன்றைக்கு அம்மா சொன்னாள்: "நீ சாமியாராயிட்டு வாடா. இவங்க எல்லாரும் உங்கையிலதான் நன்மை வாங்கணும். அன்னிக்கு எவன் நாக்க நீட்டாம இருக்கான்னு நான் பாக்குறேன்."

எழுத்து தெரியாத, நாத்து நடப் போகிற ஒரு பறைச்சியின் இறையியல் இது.

அழைத்தல் ஞாயிறு என்று ஒன்று உண்டு. பாஸ்கா காலத்தின் நாலாவது ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. குருத்துவத்துக்குப் பிள்ளைகள் வரணும் என்று உலகம் பூரா செபிக்கிற நாள். 1964-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தொடங்கி வைத்தது. அன்றைக்குப் பிரசங்கத்தில், விளைச்சல் ஏராளம், அறுக்க ஆளில்லை, வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்பார் பங்குச்சாமியார். பூசை முடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கிட்டு அவர் முன்னால் போய் நிற்பாள். "படிக்கட்டும், பாக்கலாம்" என்பார். மூணு வருசம் அதே பதில். ஊர்த்தெருவில் பையன் மாட்டேன் என்றாலும் வீட்டுக்கே போய்ப் பேசுவார்.

வேற சாமியார் மாறி வந்த பிறகுதான் கடிதம் கிடைத்தது. 1984-இல், பத்தாவது முடித்துச் சிறிய குருமடம் போனேன். அம்மா மூக்குத்தியை அடகு வைத்துப் பெட்டியும் ரெண்டு வெள்ளைச் சட்டையும் வாங்கிக் கொடுத்தாள். அங்கே முதல் வாரமே எந்தப் பங்கு, எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னால் போதும். அதுக்கப்புறம் சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலி தானாகவே காலியாகும். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ரெண்டாம் வருசம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே ஒரு கடிதம் வந்தது. எனக்கு அழைத்தல் இல்லையாம், திரும்ப வரவேண்டாமாம். காரணம் ஒரு வரி இல்லை.

எனக்கு உண்மையிலேயே அழைத்தல் இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வுகளில் நான் தேறியிருந்தேன். என் குறை என்ன என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. ஊர்த்தெருவில், படிக்க முடியாமல் ஓடியாந்துட்டான் என்று பேசினார்கள். அம்மா ஒரு மாசம் கோயிலுக்கே போகவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 17-ஆம் நூற்றாண்டு மதுரை மிஷனில் மேல்சாதிக்காரர்களுக்குப் பிராமண சந்நியாசி வேடத்தில் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள். 1744-இல் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கிக்கொள்ளத் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரே ஒப்புதல் கொடுத்தார். பறையருக்கு ஒரு குரு வேண்டும் என்று யோசித்தவர்கள், பறையரிலிருந்து ஒரு குரு வேண்டும் என்று யோசிக்கவில்லை. 1983-இன் திருச்சபைச் சட்டம், அழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவச் சமூகம் முழுவதன் கடமை என்கிறது. குருமடத்தில் சேர்க்க ஒழுக்கம், அறிவு, உடல்நலம், மனநலம், நேரிய நோக்கம் எல்லாம் பார்க்கச் சொல்கிறது. தெருவைப் பார்க்கச் சொல்லவில்லை. அம்மாவின் நோக்கம் நேரியதா என்று கேட்கலாம். தீட்டு என்று ஒதுக்கின கையால் கடவுளை எடுத்துக் கொடுக்கணும் என்று நினைத்தாளே, அதில் என்ன கோணல்?

வெளியிலும் எங்களுக்கு இடமில்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவனான தலித்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். எங்களை இன்னும் இல்லை. சர்க்கார் ஏட்டில் நான் பிற்பட்ட வகுப்பு. கோயிலில் பறையன்.

1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்த பிறகு, அவர் மடத்துக்குள் போய் வெளியே வந்த கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தவள், "அப்ப நீ மட்டும் இல்லியா?" என்றாள். அன்று ராத்திரி மறுபடியும் அந்தப் பத்து அருள்நிறையை ஆரம்பித்தாள். "இனிமே யாருக்கும்மா?" என்றேன். "யாராச்சும் ஒரு புள்ள போவான்ல" என்றாள். சாகிறவரைக்கும் சொன்னாள்.

2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித்துகளில் முதல் கர்தினால். சந்தோசம்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேல் நாம்தான். ஒருவர் வருவதற்கே இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இப்போ அக்காவின் பேரன் குருமடம் போகணும் என்கிறான். அம்மாவின் செபமாலை அக்கா கையில்தான் இருக்கிறது. "தம்பி, நீ போகாதேன்னா அவன் போகமாட்டான். என்ன சொல்ற?" என்று கேட்டாள். ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. போகாதே என்றால் அந்தக் கடிதம் எழுதினவருக்கு வேலை மிச்சம்.

பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "போ. தெருவைக் கேட்டா ஒளிக்காம சொல்லு. திருப்பி அனுப்பினா காரணத்தை எழுத்துல கேளு. தரமாட்டேன்னா எங்களுக்குச் சொல்லு. நாங்க தெருவோட வந்து கேக்குறோம். எனக்காக அன்னிக்கு யாரும் வரல."

வர்ற அழைத்தல் ஞாயிறு எங்க கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டு ஒன்று நான் சொல்லப்போகிறேன். ஆளை அனுப்பு என்று கேட்கப் போவதில்லை, அவர் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கிறார். வந்த ஆளை வாசலில் நிறுத்துகிறவர்களுக்காக மன்றாடப் போகிறேன்.