திறப்பு யாரிடம் இருக்கிறது?

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட என்னிடம் இளம் நிருபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, நீங்கள் இதழியலை எங்கே படித்தீர்கள்?" என்பார்கள். மட்டக்களப்பு வாவிக் கரையில் இருந்த ஒரு பாடசாலையின் நூலகத்தில் என்று பதில் சொல்வேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

அந்த நூலகத்துக்குத் தனியாக ஓர் அறைகூடக் கிடையாது. மண்டபத்தின் ஒரு மூலையில் நான்கு அலுமாரிகள், ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள். அவ்வளவுதான். ஆனால், அதற்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியரிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. இடைவேளை மணி அடித்ததும் அலுமாரிகளைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு வகுப்பிலும் இரு மாணவரைத் தெரிவு செய்து, இரவல் பதிவேட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்துசேரும் வீரகேசரியையும் தினகரனையும் மேசையில் விரித்து, யாராவது ஒரு மாணவனை அழைத்து, ஒரு செய்தியை வாசிக்கச் செய்வார். பின்னர் பத்திரிகையை மூடிவிட்டு, "என்ன நடந்தது? இரண்டே வசனத்தில் சொல்" என்பார். பிற்காலத்தில் ஆசிரிய பீடத்தில் அமர்ந்து செய்திகளுக்கு முகப்பு வசனம் எழுதிய ஒவ்வொரு நாளும் நான் செய்தது அதே வேலையைத்தான்.

வாரக் கடைசியில் அந்தப் பத்திரிகைகளைக் கத்தரித்து, பொருள்வாரியாகக் கோவைகளில் ஒட்டுவோம். வெள்ளாண்மைக்கு ஒரு கோவை, மீன்பிடிக்கு ஒன்று, கூத்துக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒன்று. நூல் வாங்கப் பணமில்லாத பாடசாலை தனக்கென ஒரு கலைக்களஞ்சியத்தை இப்படித்தான் செய்துகொண்டது. அந்தக் கோவைகள் இன்று எங்கே என்று கேட்காதீர்கள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் பிரதேசத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பு வாவி, கடலோரமாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் களப்பு. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை என்று பொருள். மேற்கே வயல்களும் காடுகளும் குளங்களும் கொண்ட பெருநிலம் படுவான்கரை. சூரியன் படும் கரை. பெயர்கள் அழகானவைதாம். ஆனால், கல்வி எழுவான்கரையிலேயே முதலில் எழுந்தது. வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்பில் தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றியது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியது 1929 இல். நல்ல நூலகங்களும் இத்தகைய பாடசாலைகளை ஒட்டியே வளர்ந்தன. வாவியைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல அலுமாரிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

விபுலாநந்தர் 1892 இல் காரைதீவில் பிறந்தவர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகளில் பயின்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் இலக்கியத்தையும் கணிதத்தையும் பௌதிகவியலையும் ஒன்றாக வைத்து, மறைந்துபோன யாழ்களை மீட்டெடுக்க முயன்று அவர் எழுதிய 'யாழ் நூல்', 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

இந்த நூலை முன்னிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். தூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் ஒரு பாடசாலை நூலகத்தில் யாழ் நூலை எந்தத் தட்டில் வைப்பது? இசைக்குரிய 780 இலா? தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 இலா? ஒலியின் கணக்குகள் உள்ளே இருப்பதால் விஞ்ஞானத்துக்குரிய 500 களிலா? தரம் ஒன்பது, பத்தில் படிக்கும் பிள்ளைகள் முன் இக்கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது. ஒரு நூல் எங்கே இருக்க வேண்டும் என்று வாதிடும் பிள்ளை, அந்த நூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நூலகச் செயற்பாடு என்று நான் சொல்வது இத்தகையதை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

விபுலாநந்தர் பிறந்த அதே 1892 இல், சோழநாட்டுச் சீர்காழியில் பிறந்தவர் சீ.இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். விபுலாநந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற 1931 ஆம் ஆண்டில்தான் அரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவது. மத்திய கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் தட்டுகளோடு பிணைத்து வைத்திருந்தார்கள். அந்த மனநிலையிலிருந்து உலகம் விடுபட்ட கதையைச் சொல்லித்தான் அவர் தமது முதல் விதியை விளக்குகிறார்.

சங்கிலிகள் போய்விட்டன. பூட்டுகள் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் அனுப்பிய நூல்களைப் பார்க்க விரும்பினேன். அழகிய கண்ணாடி அலுமாரிகள். உள்ளே பளபளக்கும் நூல்கள். வெளியே பூட்டு. பல நூல்களின் பக்கங்கள் பிரிக்கப்படவே இல்லை என்பது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. காலாவதியான கணினி மென்பொருள்களுக்கான ஆங்கில வழிகாட்டிகளும், தடித்த மருத்துவ நூல்களும் இருந்தன. பத்து வயதுப் பிள்ளை தானாக எடுத்துத் தமிழில் வாசிக்கக்கூடிய கதை நூல்களைத் தேடினேன். விரல்விட்டு எண்ணலாம்.

பொறுப்பாசிரியை கவலையோடு சொன்னார்: "பிள்ளைகளுக்குக் குடுக்க எனக்கும் ஆசைதான் ஐயா. ஒண்டு காணாமப் போனா நான்தான் பதில் சொல்லணும்."

"போன வருசம் எத்தனை போனது, ரீச்சர்?"

"ஒண்டும் போகல்ல. குடுத்தாத்தானே ஐயா போறத்துக்கு!"

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆண்டிறுதியில் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். மேசை, கதிரை, தராசு ஆகியவற்றோடு நூல்களும் எண்ணப்படும். குறைந்தால் விளக்கம் கேட்கப்படும். எத்தனை பிள்ளைகள் எத்தனை நூல்களை வாசித்தார்கள் என்ற கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. கேட்கப்படும் கேள்விக்குத்தான் மனிதர் பதில் தயாரிப்பார். நூல்களைப் பத்திரமாகப் பூட்டிவைத்த ஆசிரியை கணக்கில் தப்பிவிடுகிறார். திறந்துவைத்த ஆசிரியர் குற்றவாளியாகிறார்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற கல்வித் திட்டத்தின்கீழ், தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து இலங்கையின் பாடசாலை நூலகங்கள் பல புதுப்பிக்கப்பட்டன. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவிக்க 1999 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் தோற்றம் பெற்றது. அதே 1999 இல் யுனெஸ்கோவும் தனது பாடசாலை நூலகக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகவும் கொண்டாடப்படுகிறது. கண்காட்சி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு யாவும் நடக்கும். நவம்பர் பிறந்ததும் பூட்டு திரும்பிவிடுகிறது என்பதே என் மனத்தாங்கல்.

படுவான்கரைக்கு இன்னொரு தடையும் இருந்தது. அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையில் வசிப்பவர்கள். மண்முனையிலும் குருமண்வெளியிலும் வாவியைக் கடக்க நெடுங்காலம் 'பாதை'யைத்தான் நம்பியிருந்தார்கள். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். பாடசாலை விட்டதும் பாதையைப் பிடிக்க ஓட வேண்டிய ஆசிரியர், பின்னேரத்தில் நூலகத்தைத் திறந்துவைப்பது எங்ஙனம்? மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. வாவியின் ஒரு துறையில் தடை நீங்கியது. அலுமாரியின் தடை நீங்க யப்பானிய உதவி தேவையில்லை.

நூல்களைப் பூட்டிவைத்தால் அவை நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு எங்கள் மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. 1978 நவம்பர் 23 இல் புயல் வீசியபோது நான் இளம் நிருபர். கூரை பறந்த பள்ளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டே என் பழைய பாடசாலைக்கும் போனேன். நான்கு அலுமாரிகளும் கவிழ்ந்து கிடந்தன. நூல்கள் மழையில் ஊறிக் கூழாகியிருந்தன. நாங்கள் ஒட்டிய நறுக்குக் கோவைகளும் அந்தக் கூழுக்குள்தான் போயின. அதன்பின் சில மாதங்களில், இரவல் போயிருந்த ஒன்றிரண்டு நூல்கள் வீடுகளிலிருந்து திரும்பி வந்ததாக அறிந்தேன். பிள்ளைகளின் கையில் இருந்தவையே மிஞ்சின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை உலகத் தமிழர் யாவரும் அறிவர். 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுவான்கரைக்குள் புகுந்தது. 2007 இல் போர் படுவான்கரை மக்களை ஊரோடு பெயர்த்தது. இவை எவற்றையும் பூட்டு தடுக்கவில்லை. பொருட் கணக்கெடுப்புக்கு வந்து புயல் விளக்கம் சொல்லவுமில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் கண்டவற்றையும் செய்தவற்றையும் கொண்டு சொல்கிறேன்.

நேரசூசியில் வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்க வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பை அடக்கிவைக்கும் இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது. அறை இல்லாத பாடசாலையில் நாற்பது நூல்களை ஒரு பெட்டியில் வைத்து, வகுப்புக்கு வகுப்பு மாற்றிக்கொண்டு போகலாம். வாசித்த பிள்ளை எழுதட்டும். மாதம் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வரட்டும். ஈழத்து எழுத்தாளர் பலர் அங்கேதான் கைபழகினார்கள். ஊரிலுள்ள அண்ணாவியார் ஒருவரை நூலகத்துக்கு அழைத்து, வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை ஆடிக் காட்டச் சொல்லலாம். வாவியில் வலை வீசும் தகப்பன்மாரிடம் மீன்களின் பெயர்களையும் வலைகளின் பெயர்களையும் பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். அதை நூலாகத் தைத்து, எண் இட்டு, தட்டில் வையுங்கள். தன் தந்தையின் சொல் நூலகத்தில் இருப்பதைக் காணும் பிள்ளை அந்த அலுமாரியை அந்நியமாகப் பார்க்காது.

வி.சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்களை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்? 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பல்லாயிரக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் இணைய இணைப்பும் உள்ள பாடசாலைக்கு இது வாராது வந்த செல்வம். ஆனால் அங்கும் அதே கதைதான். கணினி அறைக்கும் பூட்டு உண்டு.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இதை வாசிக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பு பெரிது. அடுத்த பெட்டியைக் கப்பலில் ஏற்றும் முன்னர் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வயதுப் பிள்ளைக்கு எத்தகைய நூல் வேண்டும் என்று அந்த ஆசிரியையிடமே பட்டியல் கேளுங்கள். நூலகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்று கேளுங்கள். தொலைந்துபோகும் நூல்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சங்கமே பொறுப்பேற்கும் என்று எழுத்தில் கொடுங்கள். நூறு புதிய நூல்களைவிட அந்த ஒரு கடிதம் அவருக்குத் துணிவு தரும். நூல் தேய்ந்து கிழிந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் மகிழுங்கள். அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

தமிழ்நாட்டு நண்பர்கள் சாவி என்று சொல்வதை நாங்கள் இலங்கையில் 'திறப்பு' என்போம். பூட்டுவதற்கும் அதே கருவிதான் என்றாலும், எங்கள் முன்னோர் அதற்குத் திறப்பு என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் பழைய பாடசாலையில் அந்தத் திறப்பு இப்போது யாருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள்.