நான் அடித்த சரியான விடை

பதினெட்டு வருடம் தமிழ் டியூஷன் எடுத்தவன் நான். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம், திருவள்ளுவர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடி. வள்ளுவர் பிறந்த ஊர் இதுதான் என்று பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொள்வேன்.

அணிகளைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. 'போல' மாதிரி உருபு கண்ணில் பட்டால் உவமை அணி. உவமை இருந்து உருபு இல்லையா, எடுத்துக்காட்டு உவமை அணி. நன்னூலின் 12 உவம உருபுகளையும் ராகம் போட்டு ஒப்பிக்க வைப்பேன். தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது என்று கம்பீரமாக அறிவிப்பேன்; அந்த நூலை நான் முழுசாகப் படித்ததில்லை. பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட் வந்தது, வேறென்ன வேண்டும்?

2011இல் நான் வைத்த ஒரு தேர்வில், வலியறிதல் அதிகாரத்து 475ஆம் குறளுக்கு அணி கேட்டிருந்தேன். எடை தெரியாத மயில் பீலிதான் என்றாலும், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடிந்துபோகும் என்கிற குறள். ஒரு பெண் மட்டும் 'பிறிது மொழிதல் அணி' என்று எழுதியிருந்தாள். உருபு இல்லை, ஆகவே எடுத்துக்காட்டு உவமை என்று சிவப்பு மையால் அடித்தேன். இரண்டு மதிப்பெண் போயிற்று.

வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "சார், எடுத்துக்காட்டு உவமைன்னா உவமேயமும் இருக்கணுமே? முதல் குறள்ல எழுத்தும் இருக்கு, உலகமும் இருக்கு. இதுல வண்டி மட்டும்தானே இருக்கு?"

நான் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "அது உள்ளே மறைஞ்சிருக்கும்மா. பரீட்சைல எடுத்துக்காட்டு உவமைன்னே எழுது." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே லஸ் முனையில் பழைய புத்தகமாகப் பரிமேலழகர் உரை வாங்கினேன். மனுஷர் இந்தக் குறளுக்கு அணியின் பெயரையே சொல்லியிருக்கிறார்: பிறிது மொழிதல். நுவலா நுவற்சி என்பதும் ஒட்டு என்பதும் இதைத்தான். சொல்லாமலே சொல்வது. ஒவ்வொருவனும் எளியவன்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் ஒருவனை நினைத்து வள்ளுவர் வண்டியை மட்டும் காட்டுகிறார். அத்தனை வருடத்தில் அந்த வண்டியை நான் ஒரு தடவைகூட மனக்கண்ணில் பார்த்ததில்லை. உருபு தேடிய கண்ணுக்கு வண்டி எங்கே தெரியும்? இத்தனைக்கும் ஊர் பெயரிலேயே மயில். கபாலீசுவரர் கோயிலில் அம்பாள் மயிலாகப் பூசித்த கதையை வேறு மாதம் ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

தவறு தெரிந்த பிறகும் மூன்று மாதம் அவள் வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் தப்பு என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டால், அடுத்த வருடப் பிள்ளைகள் வருமா என்ற பயம். அடுத்த வருடம் வந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன், ஏதோ எப்போதும் தெரிந்தவன் போல. அசட்டுத்தனத்தைவிட இதுதான் எனக்குக் கேவலமாகப் படுகிறது.

அம்மா, இது உன் கண்ணில் பட்டால்: உன் விடைதான் சரி. இரண்டு மதிப்பெண்ணும் உனக்குத்தான்.